மால்டாவில் ஒரு வீடு, லிட்கமில் ஒரு போத்தல் பால்

இன்று வேலை முடிந்து வரும் வழியில் லிட்கம் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள மில்க் பார் என்கிற சின்னக் கடைக்குள் நுழைந்தேன். பாண் வாங்க என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில், நாள் முழுக்க என்னோடு நின்று கதைக்கிற ஒரே ஆள் கடைக்காரர் சார்லிதான்.

மனுசன் விடுமுறைக்கு மால்டா போய் வந்திருக்கிறார். பிறந்த தீவிலே, கடலைப் பார்த்தபடி ஒரு வீடும் வாங்கிவிட்டாராம். கலர்ப் படங்களைக் கவுண்டரில் பரப்பினார். எல்லாவற்றிலும் வெயில்.

"பால் காய்ச்சியாச்சோ?" யோசிக்காமலே கேட்டுவிட்டேன்.

அவர் முழித்தார். புது வீட்டுக்குள் போனதும் முதலில் பால் காய்ச்சிப் பொங்க விட்டு, வந்த எல்லோருக்கும் கொடுப்போம் என்று விளக்கினேன்.

"அப்ப உம்மடை அறையிலை காய்ச்சினனீரோ?"

"அது வாடகை அறைதானே."

"என்ரை வீட்டிலை நான் வருசத்திலை ஒரு மாசம்தான் இருப்பன். நீர் உம்மடை அறையிலை ஒவ்வொரு நாளும் இருக்கிறீர்." ஒரு போத்தல் பாலை எடுத்து நீட்டினார்.

அறைக்கு வந்து காய்ச்சினேன். நன்றாகவே பொங்கியது. அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி தன் புதுக் கலர் டிவியை விட்டு எழும்பி வந்து, அடுப்பைத் துடைக்கச் சொன்னாள். பால் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாமாம்.

சிட்னியில் யாராவது இருந்தால் வாருங்கள். ஆறினாலும் பரவாயில்லை, திரும்பச் சூடாக்குவேன். கோப்பையை மட்டும் கொண்டு வாருங்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.