பதில் எழுதாத அரைப் பக்கம்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். வீட்டில் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. திருப்பூரில் சாயப் பட்டறை, எர்ணாகுளத்தில் ஓட்டல், பிறகு லாரிக்கு லோடு ஏற்றுவது என்று சுற்றிவிட்டு, பழங்காநத்தத்தில் ஒரு அறக்கட்டளை அலுவலகத்தில் பெஞ்சு தூக்கிப்போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்கள் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைத் தேர்வு வைத்தார்கள். இருபதுக்குப் பதினாலு வாங்கினால் விடுதிப் பள்ளியில் இடம். பன்னிரண்டாவது வரை படிப்பும் சோறும் இலவசம்.

திருத்த வேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை. பொறுப்பிலிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை விடைத்தாள் கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“எதுக்கு எம்புட்டு மார்க்குன்னு இந்தத் தாள்ல இருக்கு தம்பி. பாத்துப் போட்டுக்கிட்டே போங்க. யோசிச்சா பொழுது போயிரும்.”

படிப்பை நிறுத்திய தோழியை மறுபடியும் பள்ளிக்கு வரச் சம்மதிக்க வைத்து எழுத வேண்டும். முன்னுரைக்கு மூன்று, மூன்று காரணங்களுக்கு ஒன்பது, தோழி சொல்லும் மறுப்புக்கு இரண்டு, அதற்கான பதிலுக்கு மூன்று, முடிவுரைக்கு மூன்று. உட்தலைப்புகளுக்கு அடிக்கோடு இல்லையென்றால் ஒன்று குறைக்க வேண்டும்.

அந்தக் கட்டுக்குள் பாதிக்கு மேல் ஒரே கட்டுரை. யாரோ எழுதிப்போட, பிள்ளைகள் மனப்பாடம் செய்திருந்தார்கள். எல்லாத் தோழியும் வேலைக்குப் போவேன் என்று அடம்பிடித்து, அடுத்த பத்தியிலேயே மனம் மாறி, முடிவுரையில் கலெக்டர் ஆனாள். கருப்பு ஸ்கெட்சில் கோடு போட்ட தலைப்புகளை எண்ணி மார்க் போட்டேன். வேகமாகத்தான் போனது.

ஒரு தாளில் கோடே இல்லை. ‘நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது பைகளை வைக்கிறோம். யாரையும் உட்கார விடவில்லை’ என்று தொடங்கியிருந்தது. காரணங்கள் மூன்றும் அதே மாதிரி, கண்ணால் பார்த்ததை எழுதியவை. பிறகு தோழியின் மறுப்பு: ‘அப்பா ஊரில் இல்லை. அம்மா களையெடுக்கப் போகிறாள். தம்பிக்கு இன்னும் நடை வரவில்லை. நான் வந்தால் அவனை யார் பார்ப்பது?’

அதற்குக் கீழே, ‘அதற்கு நான் சொல்வது’ என்று ஒரு வரி. அப்புறம் அரைப் பக்கம் வெறுமை.

பதிலுக்கும் முடிவுரைக்கும் மார்க் இல்லை. மற்றதற்கெல்லாம் முழு மார்க் போட்டேன். பதினாலு வந்தது. கோட்டுக்கு ஒன்று போனது. பதின்மூன்று.

தாளை ஆசிரியையிடம் கொண்டுபோனேன்.

“டீச்சர், இந்தப் பிள்ளைக்கு எழுதத் தெரியாம விடல. பதில் இல்லாததுனால விட்டிருக்கு.”

அவர் முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“கோட்டுக்காக எத்தனை பேருக்குக் குறைச்சிருக்கீங்க?”

“ஏழெட்டுப் பேருக்கு.”

“இதுக்கு மட்டும் எப்படி விடுறது? சரி, நீங்க ஒரு பதிலைச் சொல்லுங்க. பிள்ளை அதை மனசுல வச்சிருந்துச்சுன்னு நெனச்சு நானே மார்க் போடுறேன்.”

நின்றேன். அடுத்த மேசையில் யாரோ டீ கிளாஸைக் கழுவி வைக்கும்வரை நின்றேன். அவர் தாளைக் கட்டுக்குள் செருகிவிட்டார்.

நாலு மாதம் கழித்து, கலந்துகொண்டவர்களுக்கான சான்றிதழ்களைப் பள்ளி பள்ளியாகக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். எழுமலைப் பக்கத்துப் பள்ளியில் ஒன்று மீந்தது. அரைப் பக்கத்தை விட்டிருந்த அந்தத் தாளில் பார்த்த பெயர்.

“அந்தப் பிள்ளை இப்ப வாரதில்லண்ணே. பின்னாடிதான் வீடு, நீங்களே குடுத்துருங்க” என்றார் வாத்தியார்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். சான்றிதழில் அவன் கை வைக்காதபடி தூக்கிப் பிடித்துப் படித்தாள்.

“எம்புட்டு சார் எனக்கு?”

“பதிமூணு.”

“பதினாலுல்ல வேணும்? எதுல போச்சு?”

“தலைப்புக்குக் கோடு போடல பாப்பா.”

“எங்கிட்ட ஸ்கேல் இல்ல சார்.” சான்றிதழை வாசல் மாடத்தில் வைத்தாள். “நான் கடைசியில விட்டுட்டு வந்தேன்ல, அதுலதான் போச்சுன்னு நெனச்சேன். அந்த எடத்துல என்ன எழுதணும் சார்? மத்தவுக என்ன எழுதியிருந்தாக?”

“எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தாக” என்றேன்.

“என்னன்னு?”

பையன் அழத் தொடங்கினான். அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.