என் குரலுக்கு வந்த பூனை

எங்கள் வீட்டுப் பூனை மணிக்கு மறுபடியும் மூத்திரம் அடைத்துக்கொண்டது. கால்மிதியில் ரத்தம் கலந்து நாலு சொட்டு. அந்த வாடை ஏறியதும் சின்ன வயதில் இருந்த காசிமேட்டு வீடு ஞாபகம் வந்தது. அங்கே எங்கள் பூனை கறுப்பனுக்கும் இதே நோவு. அப்பாவின் மீன்வலைமேலேயே மூத்திரம் போய்விடும்.

"மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். உன் கொரலுக்குத்தான் வரும், கூப்டு கண்ணு," என்றார் அப்பா. கூப்பிட்டேன். ஓடி வந்ததைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்.

சாயந்தரம் வெறும் சாக்கோடு வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "எண்ணூராண்ட வுட்டுட்டேன். மீன் கீது, பொழச்சிக்கும்."

என் குரலை வைத்தே என்னை ஏமாற்றிவிட்டார்.

இப்போது டாக்டரிடம் போக மருமகள் கூடையைத் திறந்து வைத்திருக்கிறாள். "கூப்டு அத்தே, உன் கொரலுக்குத்தான் வரும்."

நான் கூப்பிடவில்லை. கட்டிலுக்கடியில் தவழ்ந்துபோய், நானே மணியைத் தூக்கிக்கொண்டேன்.