மாமா தோண்டிய ஈசானிய மூலை

என் அக்கா கஸ்தூரியின் வீட்டுக்காரர் பரசுராமன், செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. புதையல் மட்டும்தான். அந்த ஒன்றிலேயே எங்கள் உயிர் போகிறது.

மலையடிவாரத்தில் எங்கேயோ ஒரு ராஜா பொன்னைப் புதைத்துவிட்டுப் போனானாம். கிரிவலம் வருகிறவர்களிடம் இந்தக் கதையை அளந்து அளந்து, கடைசியில் அதை நம்பின ஒரே ஆள் இவர்தான். ஒருமுறை அடுத்தவர் நிலத்தில் தோண்டி மாட்டிக்கொண்டார். நான்தான் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

போன ஆடியில் மை போட்டுப் பார்க்கிற ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் வெற்றிலையில் மை தடவி உற்றுப் பார்த்துவிட்டு, "செம்புப் பாத்திரம் தெரியுதுங்க. உங்க வீட்டு ஈசானிய மூலைலதான் இருக்குது" என்றாராம்.

வேங்கிக்காலில் அக்காவும் அவரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டின வீடு அது. வடகிழக்கு மூலையில் பூஜை அறை.

"செவுரு போயிடும்ங்க. நமக்கு இருக்கறது இந்த வீடு ஒண்ணுதான்" என்று அக்கா மன்றாடினாள்.

"மாளிகையே கட்டிக்கலாம், இரு" என்று கடப்பாரையை எடுத்துவிட்டார்.

அக்கா எனக்குப் போன் போட்டாள். நான் போவதற்குள் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கடப்பாரையைப் பிடுங்கப் போன நேரத்தில் குழிக்குள் ணங்கென்று ஒரு சத்தம்.

மாமா குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். கையில் சின்னச் செம்புச் சொம்பு. உள்ளே மக்கிப்போன நவதானியம், கறுத்த காசுகள், ஒரு பொட்டுத் தங்கம்.

"பாத்தியா மச்சான், ராஜா காலத்துத் தங்கம்."

அக்கா அதை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

"இது என் மூக்குத்திங்க. கடக்கால் போட்டப்ப சொம்புல வைக்கத் தங்கம் கேட்டாரு மேஸ்திரி. நான்தான் கழட்டிக் குடுத்தேன். வீடு நல்லா நிக்கணும்னு ரெண்டு பேரும் சேர்ந்துதானே பொதைச்சோம்?"

ஊரில் யார் வீட்டு ஈசானிய மூலையைத் தோண்டினாலும் இப்படி ஒரு சொம்பு கிடைக்கும். தன் கையாலேயே வைத்த மனுஷனுக்கு அது மறந்துவிட்டது.

மாமா சொம்பைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று குழியைப் பார்த்தார்.

"அப்போ நெசமான பொதையல் இதுக்கும் கீழதான் இருக்கும்" என்றார்.

அக்கா சொம்பை அவர் கையிலிருந்து வாங்கி, மூக்குத்தியைத் திரும்ப அதற்குள் போட்டாள். குனிந்து அதை அவர் காலடியில் வைத்தாள். மண்வெட்டியை எடுத்து, அவர் குழியில் நிற்கும்போதே மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள்.

"ஏறினா ஏறுங்க. இல்லன்னா அங்கயே இருங்க. எனக்கு வீடு நிக்கணும்."

மண் முழங்காலைத் தொட்ட பிறகுதான் மாமா மேலே ஏறினார்.