பதில் சொல்லக் கூடாத இடம்

எண்பதுகளின் கடைசியில், அண்ணை ஊரில் இறந்துபோனதை நான் அம்மாவிடம் மறைத்து வைத்திருந்தேன். செய்தி வந்த கடிதம், புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருந்த செவன் கிங்ஸ் வீட்டில், என் பழைய கோட்டின் உள்பையில் கிடந்தது. அம்மாவுக்கு இருதய வருத்தம். "அண்ணை வன்னிப் பக்கம் நிக்கிறாராம், அங்கையிருந்து தபால் வராதாம்" என்று சொல்லி வைத்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அம்மா மூன்று நேரமும் போட்டார்.

எங்கள் விசாவுக்குக் கடிதங்கள் எழுதித் தந்த வெள்ளைக்காரப் பெண்மணி குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். "உதவி செய்தவையின்ரை கோயிலுக்கு ஒருக்காவெண்டாலும் போகவேணும்" என்றார் அம்மா. அந்த ஒருக்கா பிறகு ஞாயிறுதோறும் ஆகிவிட்டது.

கோயில் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. பீடமில்லை, பாட்டில்லை, பாதிரியார் இல்லை. நாற்புறமும் உட்கார நீள வாங்குகள், நடுவில் ஒரு மேசை. அரசனுக்கு முன்னாலும் தொப்பி கழற்ற மாட்டோம் என்று ஒரு காலத்தில் மறியலில் அடைபட்டவர்களின் வழிவந்தவர்களாம். பின்தோட்டத்தில் அவர்களுடைய கல்லறைக் கற்களும் ஒரே உயரம்தான். ஒரு மணித்தியாலம் எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். மனம் உந்தினால் யாரும் எழுந்து பேசலாம். ஆனால் அதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. முடிவில் மூத்தவர் இருவர் கைகுலுக்குவார்கள். பிறகு எல்லோரும் பக்கத்திலிருப்பவருக்குக் கை கொடுப்பார்கள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சும்மா இருப்பதற்கு வீட்டில் கதிரை இல்லையா? ஒருநாள் ஒரு கிழவர் எழுந்து, மனைவி இறந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கில் அமர்ந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் என்றால் எப்படி, எத்தனை மணிக்கு என்று துளைத்தெடுத்திருப்பார்கள். கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவுக்கு அவர் சொன்னதையும் அந்த வழக்கத்தையும் விளக்கினேன். "அது நல்லது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, பாதி நேரத்தில், அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். மேசையைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"என்ரை மூத்தவன் இப்ப இல்லை. கோட்டுப் பைக்குள்ளை இருந்த கடிதத்தை நான் வாசிச்சிட்டன். இளையவன் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுத் தனிய அழுறான். அவனுக்கு ஆர் ஆறுதல் சொல்லுறது?"

இருந்துவிட்டார். அந்த அறையில் அது விளங்கியது எனக்கு ஒருவனுக்குத்தான். வாய் திறக்கப் பார்த்தேன், வழக்கம் விடவில்லை. இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பிறகு அழுகை வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக அவர்களுக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

மூத்தவர்கள் கைகுலுக்கினார்கள். என் பக்கத்தில் இருந்தது அம்மா. நானும் அவரும் அதுவரை ஒருநாளும் கைகுலுக்கியதில்லை. அம்மா கையை நீட்டினார்.