மூன்றாம் அறையின் மூச்சு

இரண்டு தெரு தள்ளி யார் வீட்டில் பால் பொங்கி வழிகிறது என்று என் நாத்தனாரின் மூக்கு சொல்லிவிடும். அந்தப் பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லும். சரி, இரண்டு தெரு கொஞ்சம் அதிகப்படி. ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் காற்று நம் பக்கம் அடித்தால். தண்ணீர் சமாசாரம் நானாகச் சேர்த்தது. ஆனால் இதில் ஓர் எண்ணிக்கை வரப்போகிறது. அதை மட்டும் நானே கையால் தொட்டு எண்ணினேன். அதில் கலப்படம் கிடையாது.

அந்த மூக்கை நம்பித்தான் அவள் இருபத்திரண்டு வருஷம் காளான் வளர்த்தாள். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஐந்து அறைகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டிலும் பீரோவும் போட்டால் நிறைந்துவிடும் அளவு. வேகவைத்து ஆறவிட்ட வைக்கோலையும் காளான் விதையையும் அடைத்த நீளப் பைகள் கூரையிலிருந்து தொங்கும். முதல் தடவை உள்ளே போனபோது நான் பேச்சு மறந்து நின்றேன். அது எத்தனை பெரிய அதிசயம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். மங்கிய வெளிச்சத்தில், வெள்ளைத் துணி சுற்றிய ஆட்கள் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி இருந்தது. பையின் துளைகள் வழியாகச் சிப்பிக் காளான்கள் கொத்துக் கொத்தாகக் காது நீட்டிக்கொண்டிருந்தன. அத்தனை காதுகளும் கதவுப் பக்கமே திரும்பியிருந்தன.

"என்னடி, எல்லாம் நம்மளையே பார்க்குது?"

"பார்க்கல அண்ணி, கேக்குது. மெல்லப் பேசுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெளிச்சமும் காற்றும் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அவை திரும்புமாம். ஆனால் அதற்கப்புறம் அந்த அறைகளில் நான் குடும்ப ரகசியம் எதுவும் பேசியதில்லை.

தினமும் காலையில் ஒவ்வொரு கதவையும் ஒரு சாண் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மூச்சு இழுப்பாள். "இதுக்கு மூச்சு முட்டுது" என்றால் விசிறியைப் போடுவாள். "இது வறண்டு கிடக்குது" என்றால் தண்ணீரைப் பனியாகத் தெளிக்கும் குழாயைத் திறப்பாள். செடிகொடி போல இல்லை காளான். அது நம்மைப் போல மூச்சு விடும். விட்ட காற்று வெளியே போகாவிட்டால் தண்டு நீண்டு, தலை சிறுத்து, சந்தைக்கு ஆகாததாகிவிடும். அவள் கையில் அப்படி ஆனதே இல்லை.

அறை விட்ட மூச்சை அவள் வாங்கினாள். அதுதான் வினையாக வந்தது. வறண்ட இருமல் பிடித்தது. சாயங்காலமானால் காய்ச்சல். மாடிப்படியில் நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். காளான் உதிர்க்கும் மாவு போன்ற தூள் நுரையீரலில் படிந்திருக்கிறது என்றார் டாக்டர். "இனிமே பயிர் இருக்கிற ரூமுக்குள்ள கால் வெச்சீங்கன்னா, அடுத்த தடவை என்னைப் பார்க்க நடந்து வர மாட்டீங்க. தூக்கிட்டுத்தான் வரணும்."

அவள் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னாள். "அண்ணி, உள்ளே போனா என் மூச்சு போகும். போகலைன்னா அதுங்க மூச்சு போகும். எனக்கு வேற தொழிலும் தெரியாது."

அவள் மகளும் மாப்பிள்ளையும்தான் தானியங்கிப் பெட்டி யோசனையைக் கொண்டு வந்தார்கள். அறைக்குள் ஒரு பெட்டி. காற்றில் எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு என்று அதுவே முகர்ந்து பார்க்கும். விசிறியையும் தெளிப்பானையும் அதுவே போட்டு நிறுத்தும். மாப்பிள்ளை ஒரு வெள்ளைப் பெட்டிமேல் கண் வைத்திருந்தார். வழவழவென்று கண்ணாடி முகம். கைபேசிக்குச் செய்தி அனுப்பும், பெண் குரலில் "எல்லாம் சரியாக உள்ளது" என்று சொல்லும். மகள் இன்னொன்றை விசாரித்து வைத்திருந்தாள். சாம்பல் நிறத்தில், சாப்பாட்டுத் தூக்கு மாதிரி ஒன்று. அது வாயே திறக்காது. சிவப்பு எழுத்தில் எண்ணை மட்டும் காட்டும்.

விற்க வந்தவர், எந்நேரமும் டை கட்டியிருப்பதால் எங்களுக்கு டைக்காரர், வெள்ளைப் பெட்டியின் பெருமையை அரை மணி நேரம் பாடினார். என் நாத்தனார் கேட்டது மூன்றே கேள்வி.

"கரண்ட் போனா என்ன பண்ணும்?"

"பேட்டரி இருக்கு மேடம்."

"மூக்கு நனைஞ்சா என்ன பண்ணும்? உள்ளே எந்நேரமும் பனிதானே?"

"ஒண்ணும் ஆகாது மேடம்."

"சரி. அது பொய் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

டைக்காரர் டையைச் சரிசெய்துகொண்டார். "மெஷின் எப்படி மேடம் பொய் சொல்லும்?"

"மனுசன் செஞ்சதுதானே."

ஆகவே இரண்டையும் மூன்றாம் அறையில் மாட்டிச் சோதிப்பது என்று முடிவானது. அந்த அறையில் அறுவடை முடிந்து பைகளை எல்லாம் எடுத்தாயிற்று. பயிர் இல்லாததால் அவளும் உள்ளே போகலாம். வைக்கோல் வேகவைக்கும் கொதிகலன்காரர் பன்னிரண்டு மணி நேரம் ஆவி விட்டு அதைச் சுத்தம் செய்திருந்தார். "எறும்பு முட்டைகூட மிச்சமில்லம்மா" என்று சத்தியம் செய்தார். கதவில் கையகலக் கண்ணாடி உண்டு. எதிர்ச் சுவரில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினோம். தெளிப்பானைப் போட்டு அறையைப் பனியால் நிரப்பி, விசிறியை நிறுத்தி, கதவைப் பூட்டி, சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பூட்டும்போது இரண்டிலும் கரியமில வாயு நானூற்று முப்பது. அது வெளிக்காற்றின் அளவாம். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். வெள்ளைப் பெட்டி நானூற்று முப்பது. சாம்பல் பெட்டி ஐந்நூற்று இருபது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அறுநூற்று நாற்பது.

டைக்காரருக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா? காலி ரூம்ல ஏறுது! உள்ளே யாராவது மூச்சு விட்டாத்தான் மேடம் அப்படி ஏறும்."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது போலும். பல் மறைந்தது. மகள் மெல்ல என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி தானாகச் சுழன்றுகொண்டிருந்தது. விசிறியோ நின்றிருந்தது.

"நான்தான் துடைச்சு வெச்சேன். உள்ளே ஒரு ஈ கிடையாது" என்றார் கொதிகலன்காரர். யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவையும் சொன்னார்.

என் நாத்தனார் மட்டும் அசையவில்லை. கதவைத் திறந்து விசிறி போட்டு, சாம்பல் பெட்டியும் பழையபடி நானூற்று முப்பதுக்கு வரும்வரை பொறுத்தாள். "ஆள் இருந்தா ஏறும்னீங்கல்ல? வாங்க, நாமளே உள்ளே போய் மூச்சு விடுவோம். எது சொல்லுது, எது சொல்லலைன்னு பார்த்துடலாம்."

ஆறு பேர் உள்ளே போனோம். கதவைச் சாத்தித் தெளிப்பானைத் திறந்தார்கள். பனி முழங்காலில் தொடங்கி இடுப்புக்கு ஏறி, முகங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. சிவப்பு எண் மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். டைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். "விடுங்க சார், செத்துகித்து வெச்சீங்கன்னா பெட்டியை யார் கழட்டிட்டுப் போறது?" என்று இருட்டிலிருந்து மகள் குரல் வந்தது. அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் எல்லார் மூச்சும் சேர்ந்து ஒரே மூச்சாக, ஏறி, இறங்கி, ஏறி. அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் சாம்பல் பெட்டி தொள்ளாயிரத்துப் பத்து. வெள்ளைப் பெட்டி அதே நானூற்று முப்பது. பதிலுக்கு அதன் பெண் குரல், "எல்லாம் சரியாக உள்ளது" என்றது. உள்ளே இருந்தவர்கள் அலறியது நாலு வீட்டுக்குக் கேட்டது. இதில் மிகை இல்லை.

கதவு திறந்ததும் பனி ஆற்றுவெள்ளம் போல வெளியே வழிந்தது. முகம் தெரியவில்லை. சிரிக்காதீர்கள், அந்த அறையில் யாரையும் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. கதவருகே நின்று, வெளியே வருகிறவர்களின் தோளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். ஆறு. கடைசித் தோள் மட்டும் பஞ்சு மெத்தை போல மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது. கொதிகலன்காரர் சதைப்பிடிப்பான மனிதர், அவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போனது ஆறு, வந்தது ஆறு.

டைக்காரர் டையைத் தளர்த்திவிட்டு உண்மையைச் சொன்னார். வெள்ளைப் பெட்டியின் மூக்கு நனைந்துவிட்டால், கடைசியாகச் சொன்ன எண்ணையே சொல்லிக்கொண்டிருக்குமாம். எங்கள் சொந்தத்தில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களையும் யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள்.

ஆக, சாம்பல் பெட்டிக்குப் பைத்தியம் இல்லை. அப்படியானால் காலி அறையில் ஏறியது என்ன?

மறுபடி அறையைக் காற்றாட விட்டு, காலியாக்கிப் பூட்டினோம். வெளியே, அறைச் சுவரை ஒட்டிக் காளானைப் பொட்டலம் கட்டும் மேஜை இருக்கிறது. என் நாத்தனார் அங்கே போய், இருபத்திரண்டு வருஷமாக உட்காருகிற அதே ஸ்டூலில், அதே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மகள் கண்ணாடி வழியாகப் படித்தாள். "நானூத்தம்பது... ஐந்நூறு... அம்மா, ஐந்நூத்து அறுபது."

அவள் சட்டென்று எழுந்தாள். திரும்பி, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள்.

"அண்ணி, இங்க வாங்க. காய்ச்சல் அடிக்குது."

வைத்துப் பார்த்தேன். சுவர் வெதுவெதுவென்று இருந்தது, படுத்துக் கிடக்கிறவர் முதுகு மாதிரி.

அந்தச் சுவர்கள் இரண்டு பலகைகளுக்கு நடுவே மரத்தூளும் பஞ்சும் அடைத்தவை. கொதிகலன்காரர் திருகாணிகளைக் கழற்றினார். பலகை வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. கடப்பாரை போட்டு நெம்பியபோது, ஒட்டியிருந்த தோலை உரிப்பது போல ஒரு சத்தம். உள்ளே அடைத்த பஞ்சையும் காணோம், மரத்தூளையும் காணோம். தரையிலிருந்து கூரைவரை ஒரே வெள்ளை இழை, மெத்தை கனத்துக்கு. அந்த மெத்தையிலிருந்து தொப்பியே இல்லாத வெளிறிய காளான் தண்டுகள் நூற்றுக்கணக்கில் விரல்விரலாக நீண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தன, அவள் முதுகு சாய்கிற பலகை இடுக்கை நோக்கி. ஆவியின் சூடு அதுவரை எட்டியதே இல்லை. அறைகளில் அவள் வளர்த்ததைச் சந்தைக்கு அனுப்பினாள். சுவருக்குள் இது தானாக, எத்தனை வருஷமாகவோ வளர்ந்து, அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

டைக்காரர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். பெட்டியைக்கூடக் கழற்றவில்லை.

என் நாத்தனார் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் சாய்ஞ்சிருந்தேன். என் மூக்குக்குத் தெரியல. அந்தத் தூக்குவாளிக்கு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடுச்சு. அதையே அஞ்சு ரூமுக்கும் வாங்குங்க."

வாங்கினார்கள். பலகைச் சுவர்களை இடித்துக் கல்சுவர் எழுப்பினார்கள். பயிர் அறைக்குள் அவள் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. இப்போது மாடிப்படியில் பாதிவரை நிற்காமல் ஏறுகிறாள். இருமலில் பாதி அந்தச் சுவரிலிருந்து வந்ததா என்று டாக்டரைக் கேட்டோம். "இருக்கலாம்" என்றார். டாக்டர் "இருக்கலாம்" என்றால் அது நம் பாஷையில் சத்தியம்.

இதையெல்லாம் எழுதி முடித்து, அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"பால் கதை பொய்தான். போகட்டும், ஜனங்க சிரிப்பாங்க. ஆனா அந்த எண்ணிக்கையைத் திருத்திடுங்க அண்ணி."

"அது ஒண்ணுதான்டி இதுல நிஜம்! தொட்டு எண்ணினேன்."

"நீங்க உள்ளேயே வரலையே? பயமா இருக்குன்னு கதவுக்கு வெளியேயே நின்னுட்டீங்க. உள்ளே போனது நான், மக, மாப்பிள்ளை, கொதிகலன்காரர், டைக்காரர். அஞ்சு பேர்."

அவள் சொன்னது சரிதான். வீரத்துக்காக என்னையும் உள்ளே அனுப்பி எழுதிவிட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான்.

"ஆனா நான் தொட்டது ஆறு தோள்டி."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதான் சொல்றேன். போனது அஞ்சுன்னு மாத்துங்க. வந்தது ஆறுன்னே இருக்கட்டும்."