ஏழாம் நம்பர் மலையும் நொய்ச் சல்லடையும்

பச்சைத் தேயிலையை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால் வரும் புகைக்கு ஒரு கசப்பு உண்டு. அது தொண்டையில் இறங்கி, இரவு ரொட்டியைத் தின்னும்போதும் நாக்கிலேயே நிற்கும். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் புழு விழுந்த அந்த மாதங்களில் நாங்கள் குடியிருந்த லயமே அந்தப் புகைக்குள்தான் இருந்தது. இரண்டு மூன்று இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டிக்கொண்டு, உள்ளே இருந்தபடியே தின்னும் புழு அது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் சாக்கோடு ஏழாம் நம்பர் மலைக்கு ஓடுவோம். சுருளைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே கிள்ளிச் சாக்கில் போடுவதற்குப் "புழுப் பொறுக்கு" என்று பெயர். கங்காணி சாக்கை எடை நிறுத்துப் பார்த்ததும் ஓடைக்கரையில் தீ வைப்பார்கள்.

அந்த மலையில்தான் அம்மா கொழுந்து எடுத்தாள். "மலை மொட்டையாப் போச்சுன்னா பெரட்டுல நம்ம பேரு இல்ல" என்பார் அப்பா. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடாவிட்டால் அன்று வேலை இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். புழு அந்துப்பூச்சியாவதைக் கண்ணால் பார்க்கும் ஆசையில் ஒரு சுருளைப் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். அந்துப்பூச்சி வரவில்லை. புழு வெறும் தோலாகச் சுருங்கிக் கிடக்க, பக்கத்தில் நொய்யரிசியை ஒட்டிவைத்ததுபோல் ஒரு கொத்துக் கூடு இருந்தது. சில நாளில் அதிலிருந்து இடுப்புச் சிறுத்த, நீண்ட மீசை வைத்த குட்டிக் குளவிகள் கிளம்பின. பச்சை இலை போட்டுப் பார்த்தேன், அவை வாய் வைக்கவில்லை. மறுநாள் மலையில் பத்துச் சுருளைப் பிரித்தேன். நாலில் அந்த நொய்க் கூடு. நாங்கள் திருடனோடு காவல்காரனையும் சேர்த்துக் கொளுத்திக்கொண்டிருந்தோம்.

வீட்டில் சொன்னதும் அக்கா சிரித்தாள். "டாக்டரய்யா, புழுவுக்கு நாடி புடிச்சுப் பாத்தீங்களா?" அப்பா, "இதுக்கா ஒன்னைய படிக்க அனுப்புனது?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா மட்டும் போத்தலை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவளும் மாலையில் எங்களோடு வந்து சுருளைப் பிரித்து, நொய்க் கூட்டைச் செடியிலேயே விட்டுவிட்டுப் புழுவை மட்டும் போட்டாள். சாக்கு எடை குறைந்தது. "என்னம்மா, சாக்குல காத்த நெறச்சுக்கிட்டு வாற?" என்றார் கங்காணி. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அம்மா, மூன்றாம் நாள் எல்லாச் சுருளையும் பழையபடி கொண்டுவந்து நிறுக்கவிட்டாள். பிறகு தீக்குப் போகாமல், ஓடையின் நடுக் கல்லில் ஒரு தகரத்தை வைத்து, அதில் கொட்டி, வீட்டு நொய்ச் சல்லடையைக் கவிழ்த்து மூடினாள். குளவி ஓட்டை வழியே போய்விடும், அந்துப்பூச்சி போக முடியாது, ஊர்ந்து வெளியே வரும் புழுவுக்குச் சுற்றிலும் தண்ணீர்.

கங்காணி யோசித்தார். "நிறுத்தாச்சு. இனிச் சுட்டா என்ன, சலிச்சா என்ன. ஆனா புழு கூடுச்சுன்னா, தொரைகிட்ட ஒன் பேரத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க. சரியா சொல்லுங்க, பேச்சியம்மான்னு" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க, நான் படித்த படிப்பால் அம்மாவின் பேர் போய்விடுமோ என்று பள்ளிக்கூடத்திலும் அதே நினைப்பு. எட்டாம் நாள் சல்லடை மேல் பொடிப் பொடியாக ஏதோ அசைந்தது. குளவிகள் ஒவ்வொன்றாக ஓட்டை வழியே ஏறி, வெயிலில் சற்று நின்று, மலைப்பக்கம் பறந்தன. அடுத்தடுத்த வாரங்களில் புதுச் சுருள்கள் குறைந்துவந்தன. குளவியாலா, இடையில் பெய்த மழையாலா என்று அன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. அம்மாவின் பேர் பெரட்டில் நின்றது. மறு வருஷம் பக்கத்து லயத்துப் பெண்கள், "அக்கா, எங்க சல்லடையில ஓட்ட சரியா இருக்கா பாருங்க" என்று வந்தார்கள். சல்லடை ஓடையிலேயே இருந்ததால், எங்கள் வீட்டுச் சோற்றில் அந்தக் காலம் முழுக்கக் குறுணியும் கல்லும்.

இன்று நான் ஹட்டனில் ஆசிரியன். தோட்டத்தில் புகையும் இல்லை, சாக்கோடு ஓடும் பிள்ளைகளும் இல்லை. புழுவுக்கு மருந்து அடிக்கிறார்கள், அதில் நொய்க் கூடும் போய்விடுகிறது. டவுனில் உள்ள இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தில் நான் உறுப்பினன். புழு, குளவி, குருவி எல்லாவற்றையும் ஞாயிறுதோறும் நாங்கள் எண்ணி எழுதித் தருவதென்றால், இந்தப் பருவம் ஏழாம் நம்பர் மலைக்கு மட்டும் மருந்து அடிப்பதில்லை என்று புதுத் துரை ஒப்புக்கொண்டிருக்கிறார். என் உறுப்பினர் அட்டையைப் புரட்டிப் பார்த்த அம்மா, "இதுல எம் பேரு எங்க?" என்றாள். படிவம் வாங்கிவந்தேன். அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"நொய் சலிப்பாங்கன்னு எழுது" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள்.

போன ஞாயிறு ஏழாம் நம்பர் மலையில் முதல் சுருளைப் பிரித்தது அவள்தான். உள்ளே நொய்க் கூடு இருந்தது. அதை அப்படியே மூடிச் செடியில் விட்டுவிட்டு, "ஒண்ணு. எழுதிக்க" என்றாள்.