இல்லாத கம்பெனியின் கழிவுநீர்

தொண்ணூறுகளின் நடுவில், கேரளத்தில் குன்னத்துகால் பக்கம் ஒரு ரப்பர் பால் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது வாசலில் ஏணி போட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அதே எந்திரங்கள், அதே ஆட்கள், அதே அமோனியா நெடி. மதியத்துக்குள் முதலாளியின் மனைவி நடத்தும் புதுக் கம்பெனியின் பலகை ஏறிவிட்டது.

மேனேஜரிடம் கேட்டேன்.

"புதுக் கம்பெனிக்குக் கொஞ்ச வருஷம் விற்பனை வரி கிடையாது. பழையதுக்குச் சலுகை முடிஞ்சாச்சு. எல்லாம் சட்டப்படியாக்கும்" என்றார்.

திறப்புவிழாவுக்குக் கட்சித் தலைவர் ஒருவர் வந்தார். தேர்தல் சமயத்தில் எங்கள் கம்பெனி ஜீப்புகள்தான் அவருக்காக ஓடும். முற்றத்தில் மாங்கன்று நட்டு, மண்ணையும் தண்ணீரையும் காப்பதைப் பற்றி நன்றாகவே பேசினார். கைதட்டியவர்களில் நானும் உண்டு.

அடுத்த வாரம், கழிவுநீரைப் பற்றி வந்த ஒரு புகாருக்கு மேனேஜர் பதில் சொல்லச் சொல்ல அடித்தேன். புகாரில் கண்ட நிறுவனம் இவ்விடத்தில் இயங்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அது பொய்யில்லையே என்று நினைத்துக்கொண்டேன். புகார் கொடுத்தது யார் என்று கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அக்கா ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். கம்பெனிக்குப் பின்னால், ஓடைக்கரையில் அவள் வீடு. கையில் அரசாங்கக் கவர்.

"இங்கிலீஷில இருக்கு. வாசிச்சுச் சொல்லு மக்கா."

உள்ளே நான் அடித்த கடிதத்தின் நகல். என் டைப்ரைட்டரில் ஓர் எழுத்து எப்போதும் சற்றுக் கீழிறங்கி விழும். அந்த ஒரே வரியிலும் அது இறங்கித்தான் கிடந்தது.

"அப்படி ஒரு கம்பெனியே இல்லையாம் அக்கா."

"பின்ன எனக்க கெணத்துல நாறிக் கெடக்குதது யாருக்க வெள்ளம்?"

பலகை மாறிய கதையைச் சொன்னேன். கடிதத்தை அடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"நீயா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதே உட்கார்ந்து, புதுக் கம்பெனியின் பெயரைப் போட்டு மலையாளத்தில் இன்னொரு புகார் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து தெரியாமலிருக்க எழுத்துகளைக் கோணலாக எழுதினேன்.

இந்த முறை அதிகாரிகள் வந்தார்கள். கம்பெனி குழாய் பதித்துக் கழிவை ஓடையின் கீழ்ப்பக்கம் கொண்டுபோய் விட்டது. அக்கா கிணற்றை இறைத்துக் கழுவினாள்; மழைக்காலம் முடிந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. கீழ்ப்பக்க வயல்களில் வாழைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. அந்த வயல்காரர்களின் புகார் வந்தபோது, அதற்கும் பதிலை நான்தான் அடித்தேன். அந்த வேலையை விட்டு விலக எனக்கு மேலும் இரண்டு வருஷம் ஆனது.

அக்கா பிறகும் வழியில் பார்த்தால் பேசுவாள். ஆனால் வாசிக்க வேண்டிய கடிதம் ஏதாவது வந்தால், பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போய் வேறு யாரிடமோ காட்டிவிட்டு வருவாள்.